பர்மா பஜார்ல இருந்து ஆரம்பிச்சா ஈசியா புரியும்: தீவிரவாதம், ராணுவம், ஃப்ரீ ட்ரேடு

பக்கத்து வீட்டு பொண்ணு பி.ஏ. எகனாமிக்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்குது. போன ஞாயித்துக்கிழமை மாடில துணி எடுக்க வந்தப்போ கேட்டுச்சு, அண்ணா இந்த கிளாசிக்கல் லிபரல்னு பாடத்துல வராங்களே, அவங்க வியாபாரத்த பத்தி பேசுறாங்க சரி, தீவிரவாதத்த பத்தி அவங்களுக்கு என்ன கருத்து இருக்க முடியும், ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு. நல்ல கேள்வி. நான் ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல பதினாலு வருஷமா இருக்கேன், பில் ஆஃப் என்ட்ரி போடுறது (வர்ற சாமானுக்கு கஸ்டம்ஸ்ல குடுக்குற கணக்கு), டூட்டி கட்டுறது, கண்டெய்னர வெளிய எடுக்குறது இதான் வேலை, அதனால இந்த விஷயம் எனக்கு புத்தக விஷயமா மட்டும் தெரியல. அவளுக்கு சொன்னத கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன், பொருளாதாரம் படிக்காதவங்களுக்கும் புரியணும்.

மொதல்ல இவங்க யாருன்னு. இப்ப அமெரிக்கால லிபரல்னா அர்த்தம் வேற, அத மறந்துடுங்க. ஸ்காட்லாந்துல ஆடம் ஸ்மித், 1776ல அவரோட பெரிய புத்தகம் வந்துச்சு. அப்புறம் பிரான்ஸ்ல பாஸ்தியா, இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம் காப்டன், பிரைட், போன நூற்றாண்டுல ஆஸ்திரியாக்காரங்க மீசஸ், ஹயேக். இவங்களுக்குள்ள சண்டை நிறைய உண்டு ஆனா ஒரு விஷயத்துல எல்லாரும் கிட்டத்தட்ட ஒண்ணு: அரசாங்கம்னா திருட்டு, கொலை, வெளியில இருந்து வர்ற தாக்குதல் இதுலருந்து ஜனங்கள காப்பாத்தணும், கோர்ட்டு நடத்தணும், ரோடு பாலம் மாதிரி சிலது பண்ணணும், மத்தபடி யாரு யார்கிட்ட என்ன வாங்குறான் விக்கிறான்றதுல கை வைக்கக்கூடாது, இதத்தான் ஃப்ரீ ட்ரேடுன்னு சொல்றது, அடுத்த நாட்டு உள்விவகாரத்துலயும் கை வைக்கக்கூடாது. பாஸ்தியா 1850ல எழுதினது ஒண்ணு இருக்கு, எந்த சட்டத்துக்கும் கண்ணுக்கு தெரியுற பலன் ஒண்ணு, தெரியாத பலன் ஒண்ணு, தெரியாதத தேடிப் பாக்குறவன்தான் நல்ல பொருளாதாரக்காரன்னு. நான் கீழ சொல்றதெல்லாம் அந்த தெரியாத பக்கம்தான்.

இப்ப பர்மா பஜார். பீச் ஸ்டேஷன் எதிர்ல ராஜாஜி சாலை ஓரமா வரிசையா கடைங்க, 1969ல பர்மால இருந்து வந்தவங்களுக்காக ஆரம்பிச்சது. எங்கப்பா காலத்துல அங்கதான் பாரின் ஐட்டம் கிடைக்கும், டேப் ரிகார்டர், சென்ட், கேமரா, வாட்ச். ஏன் அங்க மட்டும்? ஏன்னா அப்ப வெளிநாட்டு சாமான் உள்ள கொண்டு வரணும்னா இம்போர்ட் லைசென்ஸ் வேணும், பாதி சாமானுக்கு லைசென்ஸே கிடைக்காது, கிடைச்சாலும் டூட்டி, 1991க்கு முன்னாடி சில பொருளுக்கு 300 சதவீதத்துக்கும் மேல போச்சு. நூறு ரூபா சாமானுக்கு முந்நூறு ரூபா வரி கட்டுன்னா யார் கட்டுவா. ஆனா ஜனங்களுக்கு டேப் ரிகார்டர் வேணும்ன்ற ஆசை மட்டும் லைசென்ஸ் பாத்து வர்றதில்ல இல்லையா, அதனால சிங்கப்பூர் போயிட்டு வர்ற குருவிங்க, அதாவது கூலிக்கு சாமான் தூக்கிட்டு வர்றவங்க, அவங்க பெட்டில வந்துச்சு, கப்பல்ல வேலை செய்யறவங்க கையில வந்துச்சு, இன்னும் எப்படியெல்லாமோ வந்துச்சு. கதவ மூடினா சாமான் நிக்கல, தூக்கிட்டு வர்ற ஆள்தான் மாறினான்.

இந்த ஒரு வரிய பிடிச்சிக்கங்க, பில் ஆஃப் என்ட்ரி போட்டு டூட்டி கட்டி நேரா கொண்டு வர்ற வியாபாரிய தள்ளிட்டு, ரிஸ்க் எடுக்கறவன், லஞ்சம் குடுக்க தெரிஞ்சவன், தேவைப்பட்டா அடிதடிக்கும் ஆள் வெச்சிருக்கறவன், அவன் உள்ள வந்துடுறான்.

ஆடம் ஸ்மித் இத அப்பவே எழுதிட்டார். கடத்தல்காரன் நாட்டு சட்டத்த மீறினான்னு தப்பு சொல்லலாம், ஆனா இயற்கை நியாயத்த அவன் மீறல, சட்டம் அத குற்றமா ஆக்காம இருந்திருந்தா அவனும் நல்ல குடிமகனா இருந்திருப்பான்ற அர்த்தத்துல சொல்லியிருக்கார். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், 1778ல இவரையே ஸ்காட்லாந்துல கஸ்டம்ஸ் கமிஷனரா போட்டாங்க, சாகுற வரைக்கும் அந்த வேலைதான் பாத்தார். தடை பண்ண சாமான் லிஸ்ட்ட எடுத்து பாத்தா அவர் கழுத்துல கட்டுற துணி, கைக்குட்டை எல்லாமே அதுல இருக்கு, அவருக்கே தெரியாம. ஒரு முன்மாதிரியா இருக்கட்டும்னு எல்லாத்தையும் எரிச்சுட்டேன்னு நண்பருக்கு லெட்டர் எழுதியிருக்கார். இவ்ளோ படிச்ச மனுஷனுக்கே தெரியாம தடை பண்ண சாமான் வீட்டுக்குள்ள இருந்திருக்குன்னா, சாதாரண ஜனங்க எல்லாரையும் குற்றவாளி ஆக்குற சட்டம்தானே அது.

சரி தீவிரவாதம் எங்க வருதுன்னு கேட்டா அவ. அதுக்கு பம்பாய் போகணும்.

1968ல தங்க கட்டுப்பாட்டு சட்டம் வந்துச்சு, கட்டித்தங்கம் தனியார் வெச்சிருக்கக்கூடாது, இம்போர்ட்டும் கிடையாது. நம்ம ஊர்ல கல்யாணம்னா தங்கம் இல்லாம நடக்குமா. அப்ப அந்த ஆசைய யார் பூர்த்தி பண்ணாங்க? துபாய்ல இருந்து படகு வெச்சு இறக்கின கூட்டம். அந்த இருபது முப்பது வருஷத்துல அவங்க சம்பாதிச்சது வெறும் பணம் மட்டும் இல்ல, எந்த கரையில ராத்திரி படகு நிறுத்தலாம், எந்த ஆபீசருக்கு எவ்ளோ, எந்த லாரி எந்த ரோட்டுல போனா செக்போஸ்ட் இல்ல, இந்த மொத்த அமைப்பையும் சம்பாதிச்சாங்க. 1990ல சட்டத்த எடுத்துட்டாங்க, 1992ல இருந்து வெளிநாட்டுலருந்து வர்றவங்க டூட்டி கட்டி 5 கிலோ வரைக்கும் தங்கம் கொண்டு வரலாம்னு ஆச்சு. ஆனா அமைப்பு கலையல. 1993 ஆரம்பத்துல ராய்கட் மாவட்டத்து கரையில, திகி, ஷேகாடி அந்தப் பக்கம், அதே மாதிரி படகுல அதே மாதிரி ஆளுங்க இறக்கினது ஆர்டிஎக்ஸ். மார்ச் 12ஆம் தேதி பம்பாய்ல அடுத்தடுத்து குண்டு வெடிச்சு 257 பேர் செத்தாங்க. வெள்ளி கடத்திட்டு இருந்த டைகர் மேமன்தான் ஏற்பாடுன்னு கேஸ், பின்னாடி தாவூத் இப்ராஹிம், கஸ்டம்ஸ் அதிகாரிங்க சிலரே கோர்ட்ல தண்டனை வாங்கினாங்க.

இங்க தெளிவா சொல்லிடுறேன். அந்த குண்டுக்கு தங்கச் சட்டம் காரணம் இல்ல. பாபர் மசூதி இடிப்பு, அதுக்கப்புறம் நடந்த கலவரம், பாகிஸ்தான் பக்கம் கிடைச்ச உதவி, அந்த வெறி எல்லாம் தனி. ஆனா வெறி இருந்தா போதாது, பாதை வேணும். அந்தப் பாதைய போட்டுக் குடுத்தது நம்மளோட தடைச் சட்டங்கதான்னு கிளாசிக்கல் லிபரல் சொல்லுவான், எனக்கு அதுல மறுப்பு இல்ல. தங்கத்துக்கு டூட்டி 2022 ஜூலைல 15 சதவீதம் ஆக்கினாங்க, 2024 ஜூலைல 6 ஆக்கினாங்க. டூட்டி ஏத்துனா குருவிக்கு லாபம் ஏறும், இறக்கினா அவன் எடுக்குற ரிஸ்க்குக்கு கூலி கட்டாது, கணக்கு அவ்ளோதான்.

அடுத்தது ராணுவம் அனுப்புறது. இங்கிலீஷ்ல இன்டர்வென்ஷன்னு சொல்றது. இதுக்கும் வெளிய எங்கயும் போக வேணாம், எங்க வியாசர்பாடியே போதும்.

எங்க தெருவுல ஒரு ஆயா இருந்துச்சு, போன வருஷம் தவறிடுச்சு. ரங்கூன்ல பொறந்தது, 1960கள்ல கப்பல் ஏறி மெட்ராஸ் ஹார்பர்ல வந்து இறங்கினது. 1962ல நே வின்னு ஒரு ஜெனரல் ஆட்சிய பிடிச்சு, 1964ல கடைங்கள எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, பெரிய நோட்டும் செல்லாதுன்னு ஆச்சு, லட்சக்கணக்கான இந்தியக்காரங்க, அதுல பாதிக்கு மேல நம்ம ஆளுங்கன்னு ஆயா சொல்லும், எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாங்க. எங்கப்பாரு கடைல இருந்த துணிய எண்ணி எழுதிக்கிட்டு சாவிய வாங்கிட்டாங்க தம்பி, ஒரு தோடோட வந்தேன்னு சொல்லும். இதுல யாரும் ஆயாவ துப்பாக்கி வெச்சு மிரட்டல, வியாபாரம் பண்ணாதன்னாங்க, அவ்ளோதான். அதுவே ஒரு ஊர காலி பண்ணிடுச்சு.

ஆனா ஆயா குடும்பம் மொதல்ல எப்படி ரங்கூன் போச்சு? 1852ல இங்கிலீஷ்காரன் பர்மா மேல ரெண்டாவது சண்டை போட்டான், கீழ் பர்மாவ எடுத்துக்கிட்டான், அரிசி விளைச்சல் பெருகிச்சு, செட்டியாருங்க வட்டிக்கடை போட்டாங்க, கூலி வேலைக்கு நம்ம ஜனம் கப்பல் கப்பலா போச்சு. அந்த சண்டை எப்படி ஆரம்பிச்சதுன்னு காப்டன் 1853லயே ஒரு சின்ன புத்தகம் போட்டார், அரசாங்கத்தோட சொந்த பேப்பர்கள வெச்சே எழுதினது. ரங்கூன் கவர்னர் ரெண்டு இங்கிலீஷ் கப்பல் கேப்டனுங்களுக்கு அபராதம் போட்டிருக்கார், அதுக்கு நஷ்ட ஈடு கேட்டாங்க, மொத்தமே ஆயிரம் பவுண்டுக்கும் கம்மி. அத வசூல் பண்ண போர்க்கப்பல் அனுப்பினாங்க, போன கப்பற்படை அதிகாரி அவர் இஷ்டத்துக்கு பர்மா ராஜாவோட கப்பல பிடிச்சார், சண்டை வந்துச்சு, செலவு யார் தலையில? இந்திய ஜனங்க தலையில. ஆயிரம் பவுண்டுக்காக ஒரு நாட்டோட பாதிய பிடிச்சீங்களே, இதே மாதிரி அமெரிக்காகிட்ட பண்ணியிருப்பீங்களான்னு அவர் கேட்டது இன்னைக்கும் படிச்சா சூடா இருக்கு. அந்த 1852ல வந்த கோவம் பர்மாக்காரன் மனசுல நூறு வருஷத்துக்கும் மேல இருந்துச்சு, வெள்ளைக்காரனோட வந்தவன்னு நம்மள பாத்தான், 1964ல ஆயாவோட தோடுல வந்து முடிஞ்சது. நேரா ஒரே கோடுன்னு நான் சொல்லல, நடுவுல செட்டியார் கடன்ல நிலம் போன விவசாயி இருக்கான், 1930கள்ல நடந்த கலவரம் இருக்கு, ஜப்பான்காரன் வந்தது இருக்கு. ஆனா ஆயா கதைல மொத கல்ல யார் எறிஞ்சதுன்னு பாத்தா அதுதான்.

இதுக்கு அமெரிக்க உளவுத்துறை ஒரு பேரே வெச்சிருக்கு, ப்ளோபேக். 1953ல ஈரான்ல பிரதமர் மொசாதேக் ஆட்சிய கவுத்தாங்க, எண்ணெய் கம்பெனிய நாட்டுடைமை ஆக்கினதுக்காக, அத பத்தின அவங்களோட சொந்த ரகசிய அறிக்கைலதான் அந்த வார்த்தை வருது, நாம பண்ணது நம்ம மேலயே திரும்பும்ற அர்த்தத்துல. 1979ல ஈரான்ல புரட்சியா திரும்பிச்சு.

நம்ம கிட்டயும் ஒண்ணு இருக்கு, அத சொல்லாம போனா நேர்மை இல்ல. 1987 ஜூலை 29 ஒப்பந்தம், இந்திய அமைதிப்படை இலங்கைக்கு போச்சு. தமிழர்கள காப்பாத்த போன படை ரெண்டு மூணு மாசத்துல புலிகளோட சண்டை போடுற படையா ஆயிடுச்சு, 1,100க்கும் மேல நம்ம ஜவான்கள் செத்தாங்க, அங்க செத்த தமிழ் ஜனங்க கணக்கு தனி. 1990 மார்ச்ல கடைசி படை கப்பல்ல இதே மெட்ராஸ் ஹார்பருக்கு வந்துச்சு, முதலமைச்சர் கலைஞர் வரவேற்க போகல. அடுத்த வருஷம் மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொலைக்கு இது காரணம்னு சொன்னா உடனே நியாயப்படுத்துறியான்னு கேப்பாங்க. காரணம் சொல்றது வேற, நியாயம் சொல்றது வேற. டாக்டர் ஜுரத்துக்கு காரணம் கொசுன்னு சொன்னா கொசுவுக்கு வக்காலத்து வாங்குறார்னு அர்த்தம் இல்ல. அந்த கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது, கூட நின்ன ஏழை ஜனங்களும் போலீஸ்காரங்களும் செத்தாங்க.

சிகாகோ பல்கலைக்கழகத்துல ராபர்ட் பேப்னு ஒரு பேராசிரியர், 1980ல இருந்து 2003 வரைக்கும் உலகத்துல நடந்த தற்கொலை தாக்குதல்கள எல்லாம் சேத்து பாத்தார். மதத்த விட, வெளிநாட்டு ராணுவம் நம்ம மண்ணுல நிக்குதுன்ற எண்ணம்தான் பெரும்பாலும் பின்னாடி இருக்குன்னு சொன்னார், அதுல முன்னாடி நின்னதே மதம் சாராத புலிகள்தான். அவர் லிபரல் கூட்டம் கிடையாது, அவர் கணக்கு எடுத்த விதத்துல தப்பு இருக்குன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஈராக்ல அதுக்கப்புறம் நடந்தது பாதி முஸ்லிமுக்கு முஸ்லிம்தான். ஆனாலும் காப்டன் நூத்தம்பது வருஷம் முன்ன மனசால சொன்னத இவர் எண்ணிக்கையா வெச்சார்.

ஹயேக் 1945ல எழுதினது இங்க நல்லா பொருந்தும். மார்க்கெட்ட ஒரே ஆபீஸ்ல உக்காந்து நடத்த முடியாது, ஏன்னா தேவையான தகவல் எல்லாம் கோடிப்பேர் மண்டையில சின்னச் சின்னதா சிதறிக் கிடக்குன்னார். காசிமேட்டுல காலையில ஏலம் பாத்தவங்களுக்கு இது புரியும், எந்த படகு எப்ப வரும், வஞ்சிரம் நேத்து எவ்ளோ போச்சு, எந்த ஓட்டல்காரன் இன்னைக்கு வரல, இதெல்லாம் எந்த ஃபைல்லயும் இருக்காது. ஒரு மீன் மார்க்கெட்டையே கோட்டைல உக்காந்து நடத்த முடியாதுன்னா, ஆப்கானிஸ்தான்ல எந்த கிராமத்துல எந்த ரெண்டு குடும்பத்துக்கு தண்ணிக்கு சண்டைன்னு தெரியாம ஒரு நாட்டையே வாஷிங்டன்ல இருந்து கட்டி எழுப்ப முடியுமா. 2001ல போனாங்க, 2021 ஆகஸ்ட்ல தாலிபான் திரும்ப காபூல்ல உக்காந்தாச்சு.

இந்த இடத்துல அவ நிறுத்தி கேட்டா, அண்ணா ஃப்ரீ ட்ரேடுன்னு சொல்லித்தானே வெள்ளைக்காரன் நம்மள பிடிச்சான்னு. இது நிறைய பேர் கேக்குறது. நம்ம ஏரியா பேர பாருங்க, வண்ணாரப்பேட்டை, கம்பெனி வாங்கின துணிய வெளுத்து குடுத்தவங்க இருந்த இடம். திருவொற்றியூர் காலடிப்பேட்டை, காலட்னு ஒரு கவர்னர் நெசவாளிங்கள குடி வெச்ச பேட்டை. இங்க நெய்து வெளுத்த துணி லண்டன்ல சக்கைப்போடு போட்டுச்சு. அங்க உள்ளூர் நெசவாளிங்க 1719ல இந்திய துணி உடுத்தின பொம்பளைங்கள தெருவுல மறிச்சு துணிய கிழிச்சாங்க, 1721ல பார்லிமென்ட் அந்த அச்சுத்துணிய உடுத்தவே கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. இதுல எங்க ஃப்ரீ ட்ரேடு இருக்கு? கம்பெனிக்கு இருந்தது ஏகபோகம், வேற எந்த இங்கிலீஷ்காரனும் இங்க வந்து வாங்கக்கூடாது. ஸ்மித் அந்த கம்பெனிய திட்டின மாதிரி இன்னைக்கு கம்யூனிஸ்ட் கூட திட்டமாட்டாங்க, வியாபாரியே ராஜாவா இருந்தா ராஜாவாவும் கெட்டவன் வியாபாரியாவும் கெட்டவன்ற மாதிரி. பீரங்கி வெச்சு சீனாவ ஓபியம் வாங்க வெச்சதையும் காப்டன் எதிர்த்தார். 1857ல ரெண்டாவது சீனா சண்டைக்கு எதிரா அவர் பார்லிமென்ட்ல கொண்டு வந்த தீர்மானம் 16 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சுது, பிரதமர் பாமர்ஸ்டன் சபைய கலைச்சு தேசபக்தி பேரச் சொல்லி எலெக்‌ஷன் வெச்சார், காப்டனும் பிரைட்டும் தோத்துட்டாங்க. வியாபாரம்னா ரெண்டு பக்கமும் சம்மதம் இருக்கணும், ஒரு பக்கம் பீரங்கி இருந்தா அதுக்கு பேர் வேற.

அப்ப வியாபாரம் இருந்தா சண்டையே வராதான்னா, வரும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மனியோட எம்டன் போர்க்கப்பல் இதே ஹார்பர்ல குண்டு போட்டுச்சு, எரிஞ்சது பர்மா ஆயில் கம்பெனி டேங்கு. அப்ப இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஒருத்தருக்கொருத்தர் பெரிய வாடிக்கை. நார்மன் ஏஞ்சல்னு ஒருத்தர் அதுக்கு சில வருஷம் முன்னாடிதான் இவ்ளோ பின்னிக்கிடக்கிற வியாபாரத்துல சண்டை போட்டா ஜெயிச்சவனுக்கும் நஷ்டம்தான்னு எழுதினார். சண்டை நடக்கவே நடக்காதுன்னு அவர் சொன்னதா கேலி பண்ணுவாங்க, அவர் சொன்னது வீண்னுதான், நடக்காதுன்னு இல்ல. நஷ்டம்னு தெரிஞ்சே மனுஷன் பண்ணுவான்ற பக்கத்த இந்த கூட்டம் கொஞ்சம் கம்மியா எடை போட்டுட்டாங்கன்றது என் எண்ணம்.

கிட்டத்துல நடந்தத பாருங்க. 2019 பிப்ரவரி புல்வாமா தாக்குதலுக்கு அப்புறம் பாகிஸ்தான் சாமானுக்கு 200 சதவீதம் டூட்டி போட்டாங்க, ஆகஸ்ட்ல அவங்க வியாபாரத்தையே நிறுத்தினாங்க. கோவம் நியாயமானது, 40 சிஆர்பிஎஃப் ஜவான்கள் செத்திருக்காங்க. ஆனா அடி யாருக்கு? பஞ்சாப் எல்லைல அட்டாரி செக்போஸ்ட்ல மூட்டை தூக்கின கூலிக்காரங்களுக்கு. குண்டு வெச்சவன் பேரீச்சம்பழமும் சிமென்டும் வித்து வாழல. வேண்டிய சாமான் துபாய் சுத்திட்டு வந்துச்சு. அமெரிக்கா 2007ல ஒரு சட்டம் போட்டுச்சு, அவங்க நாட்டுக்கு வர்ற ஒவ்வொரு கண்டெய்னரையும் ஏத்துற துறைமுகத்துலயே ஸ்கேன் பண்ணணும்னு, 2012க்குள்ள. இன்னை வரைக்கும் முடியல, தள்ளிக்கிட்டே போறாங்க. எண்ணூர் ரோட்டுல ட்ரெய்லர் நிக்கிற வரிசைய பாத்த யாரும் அத கேட்டு ஆச்சரியப்பட மாட்டாங்க. ஒரு நாள் டிலே ஆனா பெரிய எக்ஸ்போர்ட்டர் தாங்குவான், ரெண்டு கண்டெய்னர் அனுப்புற சின்ன ஆள் டிடென்ஷன் சார்ஜ் (கண்டெய்னர லேட்டா திருப்பினா கட்டுற காசு) கட்டியே படுத்துடுவான். நான் வாரம் ஒருத்தர பாக்குறேன். செக்கிங்கே வேணாம்னு நான் சொல்லல, சந்தேகப்படுற பெட்டிய திற, எல்லாத்தையும் திறக்கப் போனா உண்மையான ஆபத்து அந்த கூட்டத்துலயே ஒளிஞ்சுக்கும்.

எல்லாம் கேட்டுட்டு அவ சொன்னா, எங்க தாத்தா பின்னி மில்லுல தறி ஓட்டினவரு அண்ணா, 1996ல மூடினப்போ வீட்ல ரெண்டு வருஷம் சரியா சமைக்கல, போட்டி நல்லதுன்னு உங்க ஆளுங்க அவர்கிட்ட சொல்லுவாங்களான்னு. மில்லு மூடினதுக்கு வெளிநாட்டு சாமான் காரணம் இல்லமா, பவர்லூம், மேனேஜ்மென்ட், சண்டை, வெள்ளம்னு பல இருக்குன்னு சொன்னேன். தெரியும், ஆனா நாளைக்கு இன்னொரு மில்லு இம்போர்ட்டால மூடினா அந்த தறிக்காரருக்கு என்ன பதில்னு கேட்டா. வேற வேலை வரும்னு அவங்க புத்தகத்துல இருக்கு, மொத்த நாட்டுக்கு கணக்கு போட்டா அது சரியும் கூட, ஆனா ஐம்பது வயசுல தறி மட்டும் தெரிஞ்ச ஆளுக்கு அந்த வேற வேலை வர்றதுக்குள்ள என்ன ஆகும்னு அவங்க போதுமான அளவு எழுதலன்னு நான் ஒத்துக்கிட்டேன். கூடவே, அந்த தாத்தாவுக்கு பணமா நேரா குடுத்து தாங்கலாம், அதுக்காக எல்லைய மூடி குருவிக்கும் படகுக்காரனுக்கும் வேலை குடுக்க வேணாம்னு சொன்னேன். முதல் பாதிய மட்டும் அசைன்மென்ட்ல எழுதிக்கிறேன் அண்ணா, ரெண்டாவது பாதிக்கு தாத்தாகிட்ட கேட்டுட்டு வரேன்னு துணிய எடுத்துட்டு கீழ போயிட்டா.